ஆவாரஞ்செடிக்குப் போர்த்திய சேலை

இரண்டு வருடங்களுக்கு முன் ஏர்வாடியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. உச்சிப்புளி சாலையோரம் பறித்து வந்த காய்களின் விதையைப் போட்டு, என் மகள் ஒரு ஆவாரஞ்செடி வளர்த்திருந்தாள். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். எங்கள் மணல் வாசலில் இடுப்புயரம் வளர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது.

அவளைப் பெண் பார்க்க ராமநாதபுரத்திலிருந்து வருவதாகச் சொன்ன வாரம் பார்த்து, செடி முழுக்கப் பச்சைப் புழு! இலையெல்லாம் ஓட்டை. என் நாத்தனார், "ஏன் மச்சி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வார நேரத்துல வாசல்ல புழுவா? வெட்டிப் போடுங்க" என்றார். நானும் அரிவாளை எடுத்துவிட்டேன்.

மகள் குறுக்கே வந்து நின்றாள். "வண்ணத்துப்பூச்சியோட புழு உம்மா. பாதி கூடு கட்டிருச்சு. கொஞ்சம் பொறுங்க."

கத்தாரில் இருக்கும் என் கணவருக்கு வீடியோ கால் போட்டேன். அவரும் மகள் பக்கம்தான். வேறு வழியில்லாமல், அவர்கள் வரும் அன்று காலை ஒரு பழைய சேலையைச் செடிமேல் போர்த்தி வைத்தேன்.

கடற்காற்று சும்மா இருக்குமா? மாப்பிள்ளையின் தாயார் காரைவிட்டு இறங்கவும் சேலை பறந்து வேலியில் போய் விழுந்தது. அவர் வீட்டுக்குள் வராமல் நேரே செடியிடம் போய், "இங்கன என்னமோ அசையுதே!" என்று கையை நீட்டினார்.

உள்ளே அலங்கரித்து உட்கார வைத்திருந்த மகள் ஓடி வந்தாள். கூட்டைவிட்டு அப்போதுதான் வெளியே வந்த பூச்சி ஒன்று, கசங்கிய சிறகோடு தொங்கிக்கொண்டிருந்தது. "தொட்டுராதீங்க மாமி, சிறகு காயணும்" என்று அவர் கையையே பிடித்துவிட்டாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவரோ அவள் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் டீயை இரண்டு முறை சூடு பண்ணினேன். கடைசியில் பூச்சி படபடவென்று பறந்ததும், "மாஷா அல்லாஹ்!" என்று சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"புழுவையே பொறுத்துக்கிட்ட பிள்ள, எம் மகனையும் பொறுத்துக்கிரும்!"

வாசலிலேயே சம்பந்தம் முடிந்தது. இப்போது ராமநாதபுரத்து வீட்டிலும் ஆவாரை பூக்கிறது. புழு வந்தால் சம்பந்தியம்மா எனக்குத்தான் முதலில் போட்டோ அனுப்புவார்.

அன்று செடியை வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தால், அவர்கள் வாசலை மட்டும்தான் பார்த்திருப்பார்கள், என் பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.