ஏழு மணிக்கூடுகளும் ஒத்துப்போன நாள்

மாமாவின் வீட்டு முன்னறைச் சுவரில் ஏழு மணிக்கூடுகள் தொங்கின. ஏழும் ஏழு நேரம் காட்டும். "இவ்வளவையும் வச்சுக்கொண்டு நேரம் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியிருக்கு" என்று நான் சொல்லாத நாள் இல்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வாய் கொஞ்சம் நீளம்.

மாமா அம்மாவின் தமையன். திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போகும்போது ஏலம் போட்டவை, கப்பல்காரர் வேண்டாமென்று கழித்தவை, பழைய வீடுகளில் எறியக் கிடந்தவை எல்லாம் அவர் வீட்டில்தான் வந்து சேர்ந்தன. குழல் வைத்த கிராமபோன், வால்வு ரேடியோ மூன்று, கைப்பிடியைச் சுற்றிப் பேசும் தொலைபேசி, குண்டு போட்ட சோடாப் போத்தல்கள், ராணி படம் போட்ட பிஸ்கட் தகரங்கள். கதிரையில் இருக்க வேண்டுமென்றால் முதலில் அதிலிருக்கும் டைப்ரைட்டரைத் தூக்கி வைக்க இடம் தேட வேண்டும். சுற்றிவளைப்பு வந்தால் ஆமிக்காரர் எங்கள் வீட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். மாமா வீட்டில் அரைநாள் நிற்பார்கள். ஒவ்வொன்றும் என்னவென்று மாமா அவர்களுக்குச் சிங்களத்தில் பொறுமையாக விளக்குவார்.

மாமாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிக்க எல்லோரும் அங்கே கூடினோம். ஈச்சிலம்பற்றிலிருந்து சின்னம்மாவும் வந்திருந்தா. அம்மாவுக்கும் மாமாவுக்கும் இளையவ. நான்கு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அண்ணன் வீட்டு வாசலை மிதித்தா.

ஈச்சிலம்பற்று அப்போது இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வெளியே வருவது லேசான காரியமில்லை. பாஸ் வேண்டும். பாஸுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். சித்தப்பா பிணை நின்றார். சொன்ன நாளில், பின்னேரம் அவர்களின் சென்றிக் காவலரண் மூட முதல் சின்னம்மா திரும்பிப் போகாவிட்டால் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் அந்த நாள். குடாவைக் கடந்து அந்தப் பக்கம் போக, மூன்று மணிக்கு மூதூருக்குக் கடைசி லோஞ்ச் படகு. சின்னம்மாவை அதில் ஏற்றிவிடும் பொறுப்பு என்னுடையது, ஏனென்றால் பெண்களில் என் கையில் மட்டும்தான் மணிக்கூடு இருந்தது. இரண்டேகாலுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் போதும்.

அந்த நாட்களில் எங்கள் நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் மணிக்கூட்டை அரைமணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. அது புதுநேரம். சின்னம்மாவின் பக்கத்தை ஆண்டவர்கள் அதை ஏற்கவில்லை, அங்கே பழைய நேரம்தான். நகரத்தில் மூன்று மணி என்றால் ஈச்சிலம்பற்றில் இரண்டரை. லோஞ்ச் ஓடியது புதுநேரத்துக்கு.

பிள்ளைக்கு அரைஞாண் கட்டி, பேர் வைத்து, சாப்பாடும் முடிந்தது. சின்னம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையை விட்டு அசையவில்லை. பிள்ளையின் காலைப் பிடித்து, "எங்கட அப்பாவின்ர பாதம் இது" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினா. அம்மா பக்கத்தில் இருந்து தங்கையின் கையைத் தடவியபடி இருந்தா. மாமா சம்பந்திவீட்டாருக்குக் கிராமபோனைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

என் கைமணிக்கூடு இரண்டேகால் காட்டியது. "சின்னம்மா, வெளிக்கிடுவம்" என்று சொல்ல வாயைத் திறந்தபடி சுவரைப் பார்த்தேன். ஒன்றேமுக்கால். அடுத்ததும் ஒன்றேமுக்கால். ஏழும், சொல்லிவைத்தாற்போல், ஒன்றேமுக்கால். அந்த வீட்டில் அப்படி ஒரு ஒற்றுமையை நான் கண்டதேயில்லை. என் மணிக்கூடோ மலிவுச் சாமான், இடைக்கிடை முந்தி ஓடும். ஏழு பேர் ஒன்றைச் சொல்லும்போது ஒருத்தி எதிர்த்துப் பேசுவதா? முள்ளைத் திருப்பி ஒன்றேமுக்காலில் வைத்தேன். சின்னம்மா பிள்ளையோடு இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று குசினிக்குள் பாத்திரம் கழுவப் போனேன்.

நாங்கள் இறங்குதுறைக்குப் போனபோது லோஞ்ச் குடாவுக்குள் சின்னதாகத் தெரிந்தது. சின்னம்மா பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "அவரைக் கொண்டுபோகப் போறாங்கள்" என்று மட்டும் சொன்னா. கடற்படைக்காரரிடம் கெஞ்சினேன். மீன்பிடி வள்ளங்களுக்கும் அன்று தடை. போக வேறு வழியில்லை.

திரும்பி வந்து நான் மாமா மேல் பாய்ந்தேன். "உங்கட குப்பை மணிக்கூடுகளால ஒரு மனுசனுக்கு என்ன நடக்கப்போகுதோ!"

 விடிய எழும்பி ஏழையும் பழைய நேரத்துக்கு மாற்றினவர் மாமாதான். "நாலு வருசத்துக்குப் பிறகு தங்கச்சி வாறாள். என்ர வீட்டில எண்டாலும் இண்டைக்கு அவளின்ர நேரம் ஓடட்டும் எண்டு நினைச்சனான். வெளிக்கிடுற நேரத்தை நானே சொல்லுவன் எண்டுதான் இருந்தனான். பாட்டுப் போட்டதில மறந்துபோனன், பிள்ளை."

உன் கையில் மணிக்கூடு இருந்ததே என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் வாய்க்குள் அப்போது கொழுக்கட்டை.

அடுத்த நாள் முதல் லோஞ்சுக்கு மாமாவும் சின்னம்மாவோடு புறப்பட்டார். பிழை தன்னுடையது என்று அங்கே போய்ச் சொல்ல வேண்டுமாம். சொன்னால் போதாது, காட்டவும் வேண்டுமாம். ஏழில் உயர்ந்ததான பித்தளைக் கப்பல் மணிக்கூட்டைப் பழைய நேரம் மாறாமல் கழற்றி, படுக்கைச் சீலையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் டிக் டிக் என்று சத்தம் போடும் பொட்டலத்தோடு கடற்படைச் சென்றிக்குப் போன ஒரே மனிதர் என் மாமாவாகத்தான் இருக்க வேண்டும். துவக்குகள் நிமிர்ந்தன. அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள், ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள். நின்ற மணிக்கூட்டோடு லோஞ்சில் ஏறினார்.

நான்காம் நாள் வெறுங்கையோடு வந்தார். சித்தப்பாவை இரண்டு இரவு இருத்தி வைத்து விசாரித்திருக்கிறார்கள். மாமா இயக்கப் பொறுப்பாளருக்கு முன்னால் மணிக்கூட்டை வைத்துக் கதையை முழுக்கச் சொன்ன பிறகுதான் விட்டார்களாம். "அடி ஒண்டும் இல்லையாம். முழங்கால்தான் கொஞ்சம் ஏலாது" என்றார். மணிக்கூட்டைத் தங்கச்சி வீட்டில் மாட்டிவிட்டு வந்ததாகச் சொல்லி, சுவரில் வெறுமையாய் நின்ற ஆணியைப் பிடுங்காமல் விட்டார்.

பல வருடம் கழித்து அரசாங்கம் நேரத்தைப் பழையபடி மாற்றியது. "இப்ப அவளுக்கும் எங்களுக்கும் ஒரே நேரம்" என்று மாமா ஆறு மணிக்கூடுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். சில கிழமைகளுக்குள் அந்தப் பக்கம் செல் குண்டு விழத் தொடங்கியது. சின்னம்மாவும் சித்தப்பாவும் முகாம் முகாமாக அலைந்து, அடுத்த வருடம் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் ஒரு பை. "அண்ணா, மணிக்கூட்டைக் கொண்டுவர ஏலாமப் போச்சு" என்பதுதான் சின்னம்மா சொன்ன முதல் வார்த்தை.

நான் பார்க்கப் போன பின்னேரம், சித்தப்பா முழங்காலை நீட்டியபடி கதிரையில் நித்திரை. சுவரில் ஒரு மணிக்கூடு மூன்று அடித்தது. சின்னம்மா சட்டென்று எழும்பிப் பையைத் தேடினா.

"இரு, தங்கச்சி" என்றார் மாமா. "போக வேண்டிய இடம் ஒண்டும் இல்லை."

சின்னம்மா இருந்தா. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மாமாவுக்கு முன்னாலேயே சொன்னேன், அன்றைக்கு என் மணிக்கூடு சரியாகத்தான் காட்டியது, முள்ளைத் திருப்பினவள் நான் என்று.

"தெரியும்" என்றா சின்னம்மா. "நீ திருப்பேக்க நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். ஏன் திருப்புறாய் எண்டு கேட்டிருக்கலாம். பிள்ளை மடியில கிடந்தது, அக்கா பக்கத்தில இருந்தவ. இன்னும் அரைமணித்தியாலம் இருக்கலாம் எண்டு எனக்குச் சந்தோசமா இருந்தது. அதால கேக்கேல்ல."

பிறகு நித்திரையில் இருந்த சித்தப்பாவின் முழங்காலில் கையை வைத்தா. "இவருக்கு மட்டும் சொல்லிப்போடாத" என்றா.