திட்டு வாங்க ஒரு உள்ளூர்க்காரன்

மென்பொருள் கம்பெனியில் இருந்த காலத்தில், வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிய நான் எழுதிவைத்த நடைமுறைகள் ஒரு பீரோவை நிரப்பும். ஓய்வுபெற்று மீனாட்சிபுரம் வந்த பிறகுதான் வேலைக்கு ஆகிற ஒன்று அகப்பட்டது. அது அந்த பீரோவில் இல்லை.

எங்கள் பால் சங்கம் கோயம்புத்தூர்ப் பெண் ஒருவரிடம் செயலி செய்யக் கொடுத்திருந்தது. தனியாகத் தொழில் தொடங்கிய அவருக்கு இதுதான் முதல் வேலை. சங்கம் சொன்ன தேவை ஒரே வரி: "மாட்டு விசயமெல்லாம் போன்ல தெரியோணும்."

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவரை செய்ததைக் கொண்டுவந்து டெமோ காட்டுவார். பால் அளவு, கொழுப்பு, வண்ண வண்ணமாய் வரைபடம். "வேற என்ன வேணும்?" என்று கேட்பார். உறுப்பினர்கள், பெரும்பாலும் பெண்கள், "நல்லாருக்குது கண்ணு" என்று டீ கொடுத்து அனுப்புவார்கள். பிறகு ஒருவரும் அதைத் திறப்பதில்லை. அடுத்த முறையும் இப்படியே போனால் வேலையை நிறுத்திவிடுவதாகச் செயலாளர் சொல்லிவிட்டார்.

"நான் கேட்டதுல என்ன சார் தப்பு?" என்று என்னிடம் வந்து கேட்டார் அந்தப் பெண்.

கேள்வியில் தப்பில்லை. வெளியூரிலிருந்து வந்தவர் கொண்டுவந்ததைக் குறை சொல்வது இங்கே மரியாதையில்லை. உள்ளூர்க்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதிலும் நான் எல்லாக் கூட்டத்திலும் எழுந்து சங்க விதி பேசுகிற ஆள். என்னைக் குறை சொல்ல ஊரே காத்திருந்தது.

அடுத்த டெமோவில் அவரைப் பின்வரிசையில் உட்காரவைத்தேன். சார்ட் தாளில் அதே கொழுப்பு வரைபடத்தோடு போன் திரையைக் கோணல்மாணலாக வரைந்து, "இது என் யோசனை" என்று அறிவித்தேன்.

முன்வரிசை அம்மா ஆரம்பித்தார். "ஏனுங்க சார், நீங்க மாட்டுக் கயித்தையாச்சும் புடிச்சிருக்கீங்களா? கொழுப்பு எவ்வளவுன்னு சங்கத்துலயே சொல்றாங்க. அதுக்கெதுக்குங்க படம்?"

"பின்னே என்ன வேணும்?"

"மாடு சினைக்குக் கத்துனா டாக்டருக்குச் சொல்லி உடறோம். வருவாரா மாட்டாரான்னு தெரியாம பொழுதன்னிக்கும் ஊட்டுலயே உக்காந்திருக்கறேன். அதச் சொல்லுமா உங்க போனு?"

"சாரு போனு சாரு மாதிரியேதான் இருக்கும்," என்றார் பக்கத்திலிருந்தவர். "கேட்டதத் தவுத்து எல்லாஞ் சொல்லும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பின்வரிசையில் அந்தப் பெண் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை ஒரே ஒரு திரையுடன் வந்தார்: மாட்டு டாக்டர் இன்று எந்தப் பக்கம், நம் வீட்டுக்கு எப்போது. போகிற இடத்தையும் நேரத்தையும் தன் போனில் பதிய டாக்டரும் சம்மதித்திருந்தார். முன்வரிசை அம்மா அதைப் பார்த்தார். டாக்டர் வரச் சாயங்காலமாகும் என்றிருந்தது. டீக்குக்கூட நிற்காமல் காட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

வேலை தொடரட்டும் என்றார் செயலாளர். ஒரு நிபந்தனை: எல்லா டெமோவிலும் நான் முன்னால் நிற்க வேண்டும்.

"சார் நின்னாத்தானுங்க எல்லாரும் வாயத் தொறக்கறாங்க."

உத்தியோகத்தில் வாங்கிய எந்தப் பதவி உயர்வையும் நான் இவ்வளவு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை.