மகளுக்கு மட்டும் கணக்குப் பார்த்தவர்

பிள்ளைகளா, கதிரியக்கத்தை எனக்கு விளக்கியவர் திருவாதவூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர். கழுத்தில் ஆப்பரேஷன் தழும்பு. எலுமிச்சை மிட்டாயைச் சப்பிச் சப்பி ஜன்னல் வழியே துப்பிக்கொண்டே வந்தார். ஏன் துப்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடுத்திருக்காங்கண்ணே. எச்சில்லயும் இருக்குமாம், புளிப்பா சப்பினா ஊறி வெளிய வந்துரும். அந்த அணு தானா உடைஞ்சு, கதிரை வீசிட்டு, வேற ஒண்ணா மாறிரும். எட்டு நாள்ல பாதி போயிரும். அடுத்த எட்டு நாள்ல மிச்சம் முழுசும் போகாது, மிச்சத்துல பாதிதான். கால்வாசி நிக்கும். அந்த எட்டு நாளைத்தான் அரை ஆயுள்ங்கிறாங்க."

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். வீட்டுக்கா போகிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்கண்ணே! மக மாசமா இருக்கா. மாசமான பொம்பளைக பக்கத்துலயே கொஞ்ச நாளைக்கு உக்காரக்கூடாதுன்னுட்டாரு டாக்டர். தம்பி தோட்டத்துல தனியா இருக்கப் போறேன்."

எங்களுக்கு நேர் முன்சீட்டில் ஒரு நிறைமாதப் பெண் இருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால்தான் இவர் கம்பியைப் பிடித்துச் சாய்ந்திருந்தார்.

"அப்ப இந்தப் பிள்ளை?" என்றேன், மெதுவாக.

எட்டிப் பார்த்தார். "இது யார் வீட்டுப் பிள்ளையோ!"

"கடைசி சீட்டு காலியா இருக்கு. போய் உக்காருங்க."

"அங்க தூக்கித் தூக்கிப் போடும்ணே."

நான் எழுந்து, "முன்னாடி குலுங்காதும்மா, வா" என்று அந்தப் பெண்ணை டிரைவர் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

"நல்ல மனசுண்ணே உங்களுக்கு!" என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கும்படி. கேலியில்லை, மனசாரத்தான் சொன்னார். எனக்கு இன்னும் அருவருப்பாக இருப்பது அதுதான்.