ரெண்டு காலேஜ் புத்தகத்திலயும் அதே மூணு மூஞ்சி

சித்தூரையும் திருப்பதியையும் தனித்தனி மாவட்டமாப் பிரிச்ச வருஷந்தான் நான் காலேஜ் வாட்ச்மேன் வேலையை விட்டேன். அதுவரைக்கும் அங்க பாடம் சொன்ன சாருங்க அத்தினி பேருக்கும் கேட் தொறந்து விட்டவன் நான்.

பேத்தி கலைவாணி எந்தக் காலேஜ்னு இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள சொல்லியாகணும். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு காலேஜ்லேர்ந்தும் காலையில ஆளுங்க வீட்டுக்கே வந்துட்டாங்க, பிள்ளை பிடிக்க.

ஒருத்தன், "எங்ககிட்ட நீச்சல் குளம், டான்ஸ் புரோகிராம் எல்லாம் இருக்கு தாத்தா. லைஃப் ஜாலியா போகும்"ன்னான்.

இன்னொருத்தன், "ஆட்டம் எதுக்கு? படிப்புன்னா எங்க காலேஜ்தான். சாருங்க எல்லாம் பெரிய தலைங்க"ன்னான்.

ஆளுக்கொரு பளபளா புத்தகம் குடுத்தாங்க. எனக்கு எழுத்துத் தெரியாது, மூஞ்சி தெரியும். ரெண்டுலயும் எங்க பழைய சாருங்க மூணு பேர் போட்டோ.

"இவங்க எங்க பாடம் சொல்லிக்கினு இருக்காங்க நைனா?"

"எங்க காலேஜ்ல!" ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாங்க.

"கணக்கு சாரை எரிக்கிற வரைக்கும் நான் கூட இருந்தேன். கெமிஸ்ட்ரி சார் காரியத்துல சாப்பிட்டுக்கினு வந்தேன். தினமும் வராங்களா?"

ரெண்டு பேரும் நாங்க குடுத்த டீயைப் பாதியில வச்சுட்டு எழுந்தாங்க. ஒரே பைக்ல ஏறிப் போயிட்டாங்க.

"அப்ப எனக்கு யாரு தாத்தா பாடம் சொல்லுவாங்க?"ன்னு கேட்டுக்கினு நிக்கிறா கலைவாணி.

நீங்களே சொல்லுங்க, குளமா, பெரிய தலைங்களா? அந்த மூணு பேர்ல இன்னும் உசுரோட இருக்கறது, ஏர்பேட்டுல படுத்த படுக்கையா கிடக்கிற பிசிக்ஸ் சார் தேவசகாயம் ஒருத்தர்தான்.