பேனரில் சித்தப்பா

அக்கா முனைவர் பட்டம் வாங்கியதை ஊரில் கொண்டாடப் போன அன்று அப்பாவின் இடது கை எலும்பு முறிந்தது. சித்தப்பா மகனின் மேலுதடு கிழிந்தது. இரண்டும் நான்கு நிமிடத்துக்குள் நடந்தன. மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே கால். உதட்டைக் கிழித்தவன் நான்.

அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்திப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. கிணற்றுக்குப் போகும் பாதையில் ஆரம்பித்த சண்டை. அரிமளம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். அந்தத் தெருவில் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அக்கா வேதியியலில் பட்டம் வாங்க ஏழு வருடம் பிடித்தது. அப்பாவுக்கு அந்தப் பட்டத்தைவிட, அதை வைத்துச் செய்ய நினைத்த காரியம்தான் பெரிதாக இருந்தது. அக்காவை மாலையும் கழுத்துமாக ஜீப்பில் ஊருக்குள் அழைத்து வர வேண்டும். சித்தப்பா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்த வேண்டும். தம்பி இறங்கி வந்து அவள் தலையில் கைவைக்க வேண்டும். அத்துடன் பகை தீர்ந்துவிட வேண்டும். முன்கூட்டி ஆள் அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார், வாசலில் வந்து நிற்கிற பெண்ணை எவனும் விரட்டமாட்டான் என்பது அப்பாவின் எண்ணம்.

பேனரும் அதற்காகத்தான்.

“மேல எந்தம்பி படம் வரணும். என் படம் அதுக்குக் கீழதான்.”

“அவரு படம் நம்மகிட்ட ஏதுப்பா?”

“ஒங்கக்கா சடங்கு ஆல்பத்துல பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு நிப்பான் பாரு. அத எடுத்துக் குடு.”

எடுத்துக் கொடுத்தேன். படங்களுக்குக் கீழே ‘மகிழ்ச்சியில் திளைக்கும் குடும்பத்தார்’ என்ற வரியை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

வியாழக்கிழமை எல்லோரும் வெளியூரில் நடந்த பட்டமளிப்பு விழாவுக்குப் புறப்பட்டோம். வெள்ளி காலை பத்து நாற்பதுக்கு, அக்காவின் வரிசை மேடையை நெருங்கிக்கொண்டிருந்தபோது, என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சித்தப்பா மகன். என்னைவிட நாலு வயது சின்னவன். பதினோரு வருடத்தில் அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாதை விஷயமாக ஏதாவது சொல்லி அக்காவின் நாளைக் கெடுப்பான் என்று நினைத்து எடுக்காமல் விட்டேன். பத்து நாற்பத்திரண்டுக்கு மறுபடி அடித்தான். பத்து ஐம்பதுக்கு இன்னொரு தடவை. மூன்று நேரத்தையும் டைரியில் குறித்துக்கொண்டேன். திருப்பிக் கூப்பிடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அன்று விடியற்காலையில் அவனுடைய எட்டு மாதக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிருந்தது. எத்தனை வருடப் பகையாக இருந்தாலும் பங்காளி வீட்டுக்குச் சாவைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான். மாலையில் புதைத்துவிட்டு, சனிக்கிழமை காலை குழிக்குப் பால் ஊற்றச் சொம்போடு போனவன் பஸ் ஸ்டாப்பில் பேனரைப் பார்த்திருக்கிறான். பேனர் கடைக்காரர்கள் அப்போதுதான் கட்டி முடித்திருந்தார்கள். எல்லோருக்கும் மேலே, குழந்தையின் தாத்தா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் சனிக்கிழமை திருக்கோகர்ணத்தில் அக்கா வீட்டில் தங்கிவிட்டு, ஞாயிறு காலை நேராக ஊருக்கு வந்தோம். பேண்டு செட்டு அறந்தாங்கியிலிருந்து வந்திருந்தது. அவர்களுக்கும் எதுவும் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் நாங்கள் எதிர்பார்த்த கூட்டம் இல்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வராமல் அங்கேயே நின்று பார்த்தார்கள். பொறாமை என்று அம்மா முணுமுணுத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சித்தப்பா வீட்டு வாசலில் ஜீப் நின்றது. பேண்டுக்காரர்கள் முழங்கினார்கள். அப்பா தன் கையாலேயே ஆயிரம் வாலாவைப் பிரித்துப் போட்டுக் கொளுத்தினார். தெரு முழுக்கப் புகை. கதவு திறந்தது. அப்பா சிரித்தபடி இரண்டு கையையும் விரித்தார்.

சித்தப்பா மகன் மண்வெட்டியோடு வந்தான். முதல் வெட்டு டிரம்மில் விழுந்து அது பிளந்தது. அடித்துக்கொண்டிருந்தவர் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினார். அடுத்து ஜீப்பின் முன்கண்ணாடி நொறுங்கி அக்காவின் மடியில் கொட்டியது. அப்பா அவனுக்கும் ஜீப்புக்கும் நடுவில் போய் நின்றார்.

“தள்ளிக்கங்க பெரியப்பா. கொன்னுருவேன், தள்ளிக்கங்க!”

அந்த நேரத்திலும் அவன் மரியாதை குறையாமல்தான் பேசினான். அப்பா விலகவில்லை. மண்வெட்டியின் பின்பக்கம் அவர் முழங்கைக்குக் கீழே இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வெடிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கை மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியதைத்தான் பார்த்தேன். கீழே கிடந்த அரைச் செங்கல்லை எடுத்து அவன் வாயில் அடித்தேன். விழுந்தான். மேலே ஏறி உட்கார்ந்து மறுபடியும் அடித்தேன். சித்தப்பா பின்னாலிருந்து என் கழுத்தில் துண்டைப் போட்டு இறுக்கினார். கண் இருட்டியது. அக்கா இறங்கி ஓடிவந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள். மாலை அறுந்து ரோஜா இதழ்கள் எல்லார் காலிலும் மிதிபட்டன.

சண்டைகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கொளுத்திய வெடியை நிறுத்த முடியாது என்பது மட்டும் எதிலும் படித்ததாக நினைவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது வெடித்துக்கொண்டே இருந்தது. கடைசி வெடி அடங்கிய பிறகுதான் வாசலில் நின்ற சித்தியின் குரல் கேட்டது.

“புள்ளயப் பொதச்ச மண்ணு காயல. எங்க வாசல்லயே வந்து வெடி வெக்கிறீங்களேடா, பாவிகளா!”

அப்பா தொங்கிய கையோடு தெருவில் உட்கார்ந்துவிட்டார். “எந்தப் புள்ள? யாரு புள்ள?” என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டார். டீக்கடைக்காரர்தான் குனிந்து அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாய்யா?”

“ஒங்களுக்குத் தெரியாதுன்னு எங்களுக்கு என்னங்க தெரியும்? தெரிஞ்சேதான் ஆடுறீங்கன்னு ஊரே காறித் துப்பிக்கிட்டு இருக்கு.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சின் இந்தக் கோடியில் அப்பாவும் அந்தக் கோடியில் சித்தப்பா மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் உதட்டில் ஏழு தையல். போலீஸ்காரர் தாளோடு வந்தார். அப்பா புகார் எழுதிக் கொடுத்தால் அவன் அன்றைக்கே உள்ளே போவான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அப்புறம் இரண்டு வீடும் எந்தக் காலத்திலும் சேராது என்பதும் தெரிந்தது.

“சாவச் சொல்லாம விட்டது அவன் தப்பு. எழுதிக் குடுங்கப்பா,” என்றேன்.

சித்தப்பா மகன் தையல் போட்ட வாயோடு தலையைத் தூக்கினான். “மூணு தடவ போன் அடிச்சேன் பெரியப்பா. எங்க வீட்டுல வேணாம்னாங்க. நாந்தான் அடிச்சேன்.”

அப்பா என்னைப் பார்த்தார். “அடிச்சானா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

“அடிச்சான்,” என்றேன்.

“எடுத்தியா?”

“எடுக்கல.”

வலது கையால் ஓங்கி அறைந்தார். காது அடைத்தது. இன்னொரு அறை. மூன்றாவது அறைக்குக் கை ஓங்கியபோது முறிந்த கை அசைந்து வலியில் அலறிவிட்டார். செவிலியர் ஓடிவந்து அவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

மூச்சு வாங்கியபடி அப்பா போலீஸ்காரரிடம் சொன்னார். “ஜீப்புல இருந்து விழுந்தேன்னு எழுதிக்கங்க.”

“எதுல? மம்பட்டி மேலயா விழுந்தீங்க?”

“ஆமாங்க. அது மேலதான்.”

“அவரு வாயி?”

“அவனும் விழுந்தான்.”

“நல்ல குடும்பம்ங்க,” என்று போலீஸ்காரர் தாளை மடித்துக்கொண்டு போனார்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அப்பா வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார். துக்கம் கேட்டுவிட்டுத்தான் வீடு என்றார். மத்தியானம் ஒன்றரை மணிக்கு அதே வாசலில் போய் நின்றோம். தெரு முழுக்க வெடிக் காகிதம் கிடந்தது. சித்தப்பா படியில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் அக்காவின் பல் பதிந்து வீங்கியிருந்தது.

“எதுக்கு வந்தீங்க?”

“தெரியாது தம்பி. போன எம்மகன் எடுக்கல. பேனருல ஒன் படத்தப் போடச் சொன்னது நாந்தான். நீ வருவன்னு நெனச்சேன்.”

சித்தப்பா வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்து, “பொம்பளைக உள்ள இருக்காங்க,” என்றார்.

அக்காவும் அம்மாவும் உள்ளே போனார்கள். நானும் அப்பாவும் படிக்குக் கீழே உட்கார்ந்தோம். திறந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. குழந்தையின் தாய் சுவரில் சாய்ந்திருந்தாள். அக்காவைக் கண்டதும் எழுந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். இரண்டு முஷ்டியாலும் நெஞ்சில் குத்தினாள். வைதுகொண்டே குத்தினாள். அக்காவின் தோள் சுவரில் மோதும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அக்கா கையைத் தூக்கவில்லை, நகரவும் இல்லை. தடுக்கப் போன அம்மாவைச் சித்தி பிடித்துக்கொண்டாள்.

நான் எழுந்தேன்.

“ஒக்காருடா,” என்றார் சித்தப்பா. “அவ அடிச்சு முடிக்கட்டும்.”

உட்கார்ந்தேன்.