ஸ்டீரிங் கீறலில் இருந்த குங்குமம்

அவர் போய் நாற்பது நாள் ஆகியும் நான் அழவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் கட்டிப்பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள். "கல்லு மாதிரி ஒக்காந்துகினு கீறாளே" என்று என் காதுபடவே பேசினார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். நான் அழவும் இல்லை, யாரிடமும் எதையும் கேட்கவும் இல்லை. பசித்தால் சாப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் உத்திரமேரூரில் வாடகைக் கார் ஓட்டினார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. பெண் பார்க்கப் போவதிலிருந்து பிரசவத்துக்குக் காஞ்சிபுரம் ஓடுவதுவரை அதுதான். இனி அதை ஓட்ட என் தம்பி, சித்தி மகன், ஒத்துக்கொண்டான். வண்டி ஓடினால் எனக்கும் மாமியாருக்கும் சோறு. ஓடாவிட்டால் அவருடைய அண்ணன், என் மச்சாண்டார், அதை விற்றுவிடுவார். நான் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணி முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும்.

வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்க நாலே நாள் இருந்தது. போன முறையே பிரேக் இன்ஸ்பெக்டர், இந்த ஸ்டீரிங்கோடு இன்னொரு தரம் வராதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். வெயிலில் காய்ந்து, கம்பிகள் வளையத்தில் சேருகிற மூன்று இடத்திலும் பிளாஸ்டிக் வாய் பிளந்து உள்ளே இரும்பு தெரிந்தது. புதுசுக்கு மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

"பழைய வண்டிக்கு எங்கக்கா போறது? மெட்ராசுலயே இல்லன்ட்டாங்க" என்றான் தம்பி.

"கழட்டிக்கினு வா. நான் பாக்குறேன்" என்றேன்.

முன்பு ஒரு கீறலை அவர் அடைத்தபோது, இரண்டு ட்யூப் பசையையும் சமமாகப் பிதுக்கிக் குழைத்துக் கொடுத்தது நான்தான். மூன்று மாதம் நான் வாசல்படி தாண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் ஸ்டீரிங்தான் என்னைத் தேடி வீட்டுக்குள் வந்தது. மச்சாண்டார் எட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னா வெளையாட்டு?" என்றார். நான் ஸ்டீரிங்கை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

கீறலுக்குள் கருஞ்சிவப்பாக என்னவோ அடைந்திருந்தது. என்னவென்று எனக்குத் தெரியும். ஒன்பது ஆயுத பூசைக்கும், நல்லெண்ணெய் தொட்டு அந்த மூன்று இடத்திலும் குங்குமம் வைத்தவள் நான். வைத்த பொட்டைச் சுரண்டக் கை வரவில்லை. அதன் மேலேயே பசையை வைத்து அடைத்துவிட்டேன்.

மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மூன்று இடத்திலும் பசை பட்டை பட்டையாகக் கையோடு வந்துவிட்டது. எண்ணெயில் பசை ஒட்டுமா? பத்து வருஷம் அடுப்படியில் நின்றவளுக்கு இது தெரியாமல் போனதே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அத்தனை நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்த எரிச்சல்தான்.

பிறகு ஹாக்சா பிளேடை எடுத்தேன். கீறலை இன்னும் அகலமாக அறுத்தேன். அடியில் இருந்ததை எல்லாம் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்தேன். சிவப்பு கரைந்து விரலெல்லாம் வழிந்தது. பதினாறாம் நாள் என் நெற்றியை மற்றவர்கள் அழித்தபோது யாருடைய நெற்றியையோ அழிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். இதை மட்டும் நானே அழிக்க வேண்டியிருந்தது. புதுசாகப் பசை குழைத்து அடைத்துக்கொண்டிருந்தபோது மாமியார் வந்தார்.

"நெத்தியில இன்னாமே அது?"

வியர்வையைப் புறங்கையால் துடைத்திருக்கிறேன். தொட்டுப் பார்த்தேன், சிவப்பு. அவர் முந்தானையை எச்சில் தொட்டுக்கொண்டு என் முகத்தருகே கொண்டுவந்தார். கை பாதியில் நின்றது.

"வேலைய முடி. அப்பறம் கழுவிக்கலாம்" என்று உள்ளே போனார். அடுப்படியில் அவர் அழுவது கேட்டது. எழுந்து போயிருக்க வேண்டும். பசை இறுகிக்கொண்டிருந்ததால் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்த ஸ்டீரிங்கை மாட்டி, தம்பி வண்டியைக் காஞ்சிபுரம் கொண்டுபோனான். இன்ஸ்பெக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். மச்சாண்டார் அதன்பிறகு விற்கிற பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் பசை அடைத்த அன்று சாயங்காலம்வரை நான் முகம் கழுவாமலே இருந்தேன். மாமியாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பொழுது சாயும்போது கொல்லைக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து நெற்றியைத் தேய்த்தேன். சிவப்பு மூக்கு வழியாக இறங்கிக் கல்லில் சொட்டியது. அப்போதுதான் அழுதேன்.