ஏழு பி.எஸ்.ஐ. போதாதென்று

கார் டயருக்கே முப்பத்திரண்டு பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைக்கிறார்கள், மாமாவின் என்ஜினுக்கு வெறும் ஏழு எப்படிப் போதும் என்ற எண்ணம் எனக்கு முதலில் வந்தது பஞ்சர் கடையில்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. தோன்றியதை உள்ளே வைத்திருக்கிற பழக்கம் எனக்கு இன்றைக்கும் கிடையாது. அங்கேயே, அத்தா என்று நான் கூப்பிடுகிற அப்பாவையும் மாமாவையும் பஞ்சர் கடைக்காரரையும் வைத்துக்கொண்டு, கேட்டுவிட்டேன்.

மாமா, அம்மாவின் தம்பி. ஷார்ஜாவில் கார்களுக்கு வேகம் கூட்டித் தருகிற ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். லீவில் வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. பழைய பெட்ரோல் கார் ஒன்றைப் பிடித்து, பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே கொண்டுவந்திருந்த சூப்பர்சார்ஜரை அதில் மாட்டினார். என்ஜின் பெல்ட்டோடு சேர்ந்து சுற்றி, காற்றை என்ஜினுக்குள் திணிக்கிற கருவி அது. காற்று கூடினால் எரிகிற பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் வண்டி பறக்கும். எவ்வளவு திணிக்கிறது என்று காட்ட டேஷ்போர்டில் ஒரு சின்ன மீட்டர். அதில் முள் ஏழுக்கு மேல் ஏறாது.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கும்பகோணம் ரோட்டோரம் அத்தா உர மூட்டை அடுக்கியிருந்த கொட்டகை. அது கிடைத்தால் ஒர்க்‌ஷாப் போட்டு ஊரோடு இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் ஆறு மாதம் முடிவதற்குள் ஷார்ஜாவில் போய் இறங்கியாக வேண்டும், இல்லையென்றால் விசா போய்விடும். ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தாவோ உரக்கடைக்காரர். யூரியா என்றால் தழைச்சத்து நாற்பத்தாறு சதவீதம் என்று மூட்டையிலேயே அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பழகியவர். ஏழு என்பது அவருக்கு ஒரு எண்ணாகவே படவில்லை.

என் கேள்வியைக் கேட்டுப் பஞ்சர் கடைக்காரர் சிரித்ததில் கையிலிருந்த டியூப் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. “ஏழா? சைக்கிளுக்கு ஏழு வச்சா ரிம்மு ரோட்ல உக்காந்துரும் பாப்பா” என்றார்.

மாமா பொறுமையாகத்தான் விளக்கினார். நம்மைச் சுற்றிச் சும்மா கிடக்கிற காற்றுக்கே பதினாலே முக்கால் அழுத்தம் உண்டு, அதற்கு மேல்தான் இந்த ஏழு, அதாவது என்ஜினுக்குள் போவது ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு காற்று. கம்பெனி பிஸ்டனோடு இருக்கிற என்ஜினுக்கு ஆறிலிருந்து எட்டுதான் வழக்கம். உள்ளே பிஸ்டன், ராடு எல்லாம் மாற்றிக் கட்டினால்தான் பன்னிரண்டு, பதினைந்து என்று போகலாம். அவர் முடிக்கும் வரை காத்திருந்த அத்தா, உள்ளங்கையை நீட்டிக் காற்றை எடை பார்ப்பதுபோல ஏற்றி இறக்கினார்.

“பதினாலே முக்காலா? எனக்கு ஒண்ணும் கனக்கலையே மாப்ள.”

கடையே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். மாமாவும் சிரித்தார் என்றுதான் ஞாபகம். அதற்குப் பிறகு வீட்டில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அத்தா, “என்ன ஏழு, சாப்டாச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார்.

பத்து நாள் கழித்து மாமா லேத் பட்டறையில் சொல்லி, பெல்ட் சுற்றுகிற சக்கரமான புல்லியைச் சின்னதாகக் கடைந்து வாங்கி வந்தார். புல்லி சின்னதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், முள் மேலே ஏறும். அத்தாவைப் பின்சீட்டில் உட்காரவைத்தார். என்னை முன்சீட்டில். சித்திரை வெயில். வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன் கரையோரத்து ரோட்டில் கிடை ஆடுகள் எந்தப் பக்கமிருந்தும் குறுக்கே வரலாம் என்பதால் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க முடியாது. மீட்டரைப் படித்துச் சொல்வது என் வேலை. கிளம்புமுன் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “முள்ளு பத்தத் தொட்டதும் சொல்லிடு புள்ள, கால எடுத்துடுறேன். அதுக்கு மேல இந்தப் பிஸ்டன் தாங்காது.”

எட்டு என்றேன். ஒன்பது என்றேன். பின்னாலிருந்து அத்தா, “அவ்ளோதானா?” என்றார்.

முள் பத்தைத் தொட்டது. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பத்து என்று சொன்னால் காலை எடுத்துவிடுவார், எண்ணிக்கை அதோடு நின்றுவிடும், அத்தா சிரிப்பார். இன்னும் பெரிதாக ஒன்று வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பதினொன்று. பன்னிரண்டு. அதையும் தாண்டியபோதுதான், “பதிமூணு மாமா” என்று கத்தினேன்.

தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பட்டென்று அது நின்றது. வண்டி இழுக்கவில்லை. பின்னால் நீலப் புகை. மாமா ஓரங்கட்டி, போனட்டைத் திறந்து, எதையும் தொடாமல் நின்றார். அத்தா இறங்கிப் போய் அவர் தோளில் கை வைத்தார்.

“விடு மாப்ள. காத்துதானே.”

ஆறுதலாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் அம்மா, “என்னாச்சு தம்பி?” என்று கேட்டதற்கு, “மீட்டர் சரியில்லக்கா” என்றார் மாமா. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மீட்டர்தான் தப்பு என்று நானும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். மூன்று வாரத்தில் அவர் திருச்சியில் விமானம் ஏறினார். கொட்டகையில் உர மூட்டைதான் இருக்கிறது.

இப்போது தஞ்சாவூரில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். அந்தக் கூழாங்கல் சத்தம், பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் தானாக வெடிக்கிற சத்தம் என்று வகுப்பில் சொன்னார்கள். அது பதின்மூன்றில் தொடங்கியிருக்காது. எனக்குத்தான் அது வெறும் சத்தம். ஒன்பது வருஷம் என்ஜின்களைக் காதால் கேட்டே சரிசெய்தவருக்கு முன்னாலேயே கேட்டிருக்கும். கேட்டும் ஏன் காலை எடுக்கவில்லை? என் வாயை நம்பிக் காத்திருந்தாரா, இல்லை அத்தாவின் “அவ்ளோதானா” அவரையும் பிடித்து அழுத்தியதா? மீட்டர் சரியில்லை என்று அவர் சொன்ன பொய் யாருக்காக என்பதுகூட அன்று எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மாமா போன் செய்வார். அக்காவின் பிரஷர், ஆற்றில் தண்ணீர், என் பரீட்சை எல்லாம் கேட்பார். காரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நானும் நண்பர்களும் இப்போது ஒரு பழைய என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். இந்த வெள்ளிக்கிழமை, பிஸ்டன் மாற்றிக் கட்டினால் இதற்கு எத்தனை வைக்கலாம் மாமா என்று கேட்கப்போகிறேன். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தால், முள் பத்தைத் தொட்டதை நான் பார்த்தேன் என்பதையும் சொல்லப் பார்ப்பேன்.